ஐந்து மயில்களுக்கு ஓர் அடைப்பு: கட்டியதும் திருத்திக் கட்டியதும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகரிலிருந்து ஒன்றரை மணி நேரம் வாகனம் ஓட்டினால் வந்து சேரும் எங்கள் சிறு பண்ணையில், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐந்து நீல மயில்களுக்காக ஓர் அடைப்பைக் கட்டினேன். நான்கு வயது ஆண் ஒன்று, மூன்று பெட்டைகள், முந்தைய ஆண்டு பொரித்த இளம் ஆண் ஒன்று என்பது அந்த ஐந்தின் கணக்கு. அந்த அடைப்பைப் பின்னர் பல இடங்களில் பிரித்துத் திருத்த வேண்டி வந்தது. பெரிய திருத்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் ஒரு பறவை காயப்பட்டிருந்தது. மற்றவர்களின் பறவைகள் அதே காயங்களைப் படக்கூடாது என்பதற்காகச் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் அளவுகளோடு இங்கே எழுதுகிறேன்.

என் சிறுவயதில், இலங்கையின் வன்னியில் அப்பாவின் பயற்றங்காணிக்குள் மயில்கள் கூட்டமாக இறங்கும். இரண்டு ஆண்கள் மோதிக்கொண்டால், தோற்றது பறந்து போய்க் காணியின் எல்லையில் நின்ற பாலை மரத்தில் ஏறிவிடும். வென்றதும் அதைத் தேடிப் போகாது. சண்டை அவ்வளவில் முடிந்துவிடும். அடைப்புக்குள் தோற்ற பறவைக்கு அந்தப் பாலை மரம் இல்லை. மயில்களை ஒன்றாக வைப்பதில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்தே பிறக்கின்றன என்பதை நான் தாமதமாகத்தான் விளங்கிக்கொண்டேன். வெளியிலிருந்து இரவில் வரும் றக்கூன் என்ற விலங்கையும் நரியையும் தடுப்பதிலேயே முதல் ஆண்டில் என் கவனம் முழுவதும் இருந்தது.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் மயில் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் அங்கே குற்றம். இந்தப் பதிவு, பண்ணைகளில் பல தலைமுறைகளாகப் பொரித்து வளர்க்கப்படும் மயில்களைச் சட்டப்படி வாங்கக்கூடிய நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. இங்கேயும் மயில்களை வைத்திருக்கலாமா என்பதை அந்தந்த ஊராட்சியின் விதிகளைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே நான் முதல் குழியைத் தோண்டினேன்.

இடத்தைத் தேர்ந்தபோது, வீட்டுக்குப் பின்னால் நிழலும் வடிகாலும் நன்றாக அமைந்த ஒரு துண்டு நிலத்தை விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி இருந்த மேட்டு நிலத்தை எடுத்துக்கொண்டேன். முதலில் சொன்ன நிலத்தில் ஆறு ஆண்டுகள் கோழிகள் திரிந்திருந்தன என்பதே காரணம். கோழிகளின் குடலில் வாழும் ஒருவகைச் சிறு புழுவின் முட்டைகளுக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற நுண்ணுயிர் ஒளிந்திருக்கிறது. அம்முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும்; மண்புழுக்களும் அவற்றைச் சுமக்கும். கோழிகளைப் பெரும்பாலும் நோகடிக்காத அந்த நுண்ணுயிர், வான்கோழிக்கும் மயிலுக்கும் கல்லீரலையும் குடலையும் அழிக்கும் நோயாக மாறுகிறது. எச்சம் கந்தக மஞ்சளாகப் போவது அதன் அடையாளம். ஆகவே மயிலையும் கோழியையும் ஒரே அடைப்பில் வைப்பது கூடவே கூடாது; கோழி திரிந்த மண்ணில் மயிலை விடுவதும் ஏறக்குறைய அதே தவறுதான். எங்கள் கோழிக் கொட்டிலுக்குப் போகும் சப்பாத்தோடு மயில் அடைப்புக்குள் நுழைவதில்லை என்பது இன்றும் எங்கள் வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி.

அடைப்பின் முதல் அளவு 32 அடி நீளம், 16 அடி அகலம், 8 அடி உயரம். ஒரு பறவைக்குக் குறைந்தது நூறு சதுர அடி வேண்டும் என்று அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் சொல்வதை அடிப்படையாகக் கொண்டேன். அகலத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வளர்ந்த ஆணின் தோகை ஐந்து அடி வரை நீளும். விரித்துக்கொண்டு திரும்பினால் ஆறேழு அடி இடத்தை அது எடுத்துக்கொள்ளும். எட்டடி அகல அடைப்பில் வைக்கப்பட்ட ஓர் ஆணை நான் பார்த்திருக்கிறேன். அதன் தோகை இறகுகளில் கண்கள் எல்லாம் கம்பியில் உரசித் தேய்ந்து, வெறும் ஈர்க்குகளாக நின்றன. தூண்களுக்குப் பதப்படுத்திய நாலுக்கு நாலு அங்குல மரங்களை எடுத்து, நான்கடி ஆழத்தில் சீமெந்து இட்டு நிறுத்தினேன். இங்கே குளிர்காலத்தில் நிலம் ஏறக்குறைய அந்த ஆழம் வரை உறையும்; ஆழம் குறைந்தால், உறையும் மண் தூணை மேலே தள்ளி, இளவேனிலில் கதவுகள் எதுவும் பொருந்தாமல் போகும்.

பக்கச் சுவர்களில் நிலத்திலிருந்து நான்கடி வரை அரை அங்குலக் கண் கொண்ட தடித்த கம்பி வலையும், அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று அங்குலக் கண் வலையும் அடித்தேன். அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழி வலையை றக்கூன் கையால் பிய்த்துவிடும். பெரிய கண் வலையாக இருந்தால் கையை உள்ளே நீட்டி, ஓரமாக உறங்கும் பறவையை இழுத்துவிடும். சுவரின் அடியில் குழி தோண்டி வலையைப் புதைப்பதற்குப் பதிலாக, அதே வலையை வெளிப்புறமாக இரண்டடி அகலத்துக்குத் தரையில் விரித்து, வளைந்த கம்பி முளைகளால் இறுக்கினேன். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டியே தோண்டத் தொடங்கும் என்பதால், அதன் நகம் நேராக வலையில் போய் முட்டும். ஒரு பருவத்துக்குள் புல் வளர்ந்து வலையை மூடிவிட்டது. இதற்கு மேல், தரையிலிருந்து எட்டு அங்குல உயரத்திலும் சுவரின் உச்சியிலும் ஒவ்வொரு மின்வேலிக் கம்பி ஓடுகிறது. மூன்று ஆண்டுகளில் எந்த விலங்கும் பக்கச் சுவர் வழியாக உள்ளே வரவில்லை.

கதவை இரட்டையாக அமைத்தேன். நாலடிக்கு நாலடி இடைகழி ஒன்று. வெளிக்கதவைச் சாத்திய பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும். மயில் நிலத்திலிருந்து செங்குத்தாக எழும்பக்கூடியது. ஒற்றைக் கதவாக இருந்தால் தீவனச் சட்டியோடு நுழைபவரின் தலைக்கு மேலாகவே போய்விடும்.

முதல் இழப்பு கட்டுமானத்தின் மிச்சத்தாலேயே வந்தது. பறவைகள் வந்து மூன்றாவது கிழமையில், ஒரு பெட்டை தீவனத்தைத் தொடாமல் உடலைக் குறுக்கிக்கொண்டு நின்றது. மிருக வைத்தியர் எடுத்த எக்ஸ்ரே படத்தில், வலை அடிக்கப் பயன்படுத்திய இரண்டு கவட்டாணிகள் (U வடிவ ஆணிகள்) அதன் அரைவைப்பையில் கிடப்பது தெரிந்தது. மயில் பளபளக்கும் எதையும் கொத்தி விழுங்கும். ஆணியின் கூர்மையோடு, அதன் மேல் பூசப்பட்ட துத்தநாகமும் நஞ்சாகும். அந்தப் பெட்டையைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று மாலையே பெரிய காந்தக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி, அடைப்பின் தரை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தேன். ஆணியும் கம்பித் துண்டுமாக ஒரு கைப்பிடிக்கு மேல் சேர்ந்தது. அதைச் செய்துவிட்டே பறவைகளை உள்ளே விட்டிருக்க வேண்டும். இப்போது ஒரு திருகாணி முடுக்கினாலும் காந்தம் இழுக்காமல் வெளியே வருவதில்லை. இறந்த பெட்டைக்குப் பதிலாக, பறவைகளை விற்ற பண்ணையாளரிடமே, அதே கூட்டத்தில் வளர்ந்த இன்னொன்றை வாங்கினேன்.

கூரையில் இரண்டு முறை பிழைவிட்டேன். பனி கனக்கும் நாடு என்பதால், விறைப்பான கம்பி வலையையே கூரையாகவும் போட்டிருந்தேன். முதல் நவம்பரில் ஓர் இரவு, மயில்கள் உறங்கும் கொட்டிலின் கதவைச் சாத்தவில்லை. பறவைகள் வெளியே இருந்த தங்குகட்டையிலேயே உறங்கின. கொம்பு ஆந்தை ஒன்று கூரையில் வந்து இறங்கியது போலும். மிரண்ட மயில் பக்கவாட்டில் ஓடாது. நேரே மேலே எழும்பும். நான் விளக்கோடு ஓடிவந்தபோது, ஒரு பெட்டையின் உச்சந்தலைத் தோல் உரிந்து தொங்கியது. வைத்தியர் அதைத் தைத்துச் சரிப்படுத்தினார். கொண்டை மட்டும் முன்போல வளரவில்லை. அதன்பின் கம்பிக் கூரையைக் கழற்றிவிட்டு, இரண்டு அங்குலக் கண் கொண்ட முடிச்சிட்ட நைலோன் வலையைச் சற்றுத் தளர்வாகக் கட்டினேன். பறவை மோதினாலும் வலை இடம் கொடுத்துத் திருப்பி அனுப்பும். அசைவைக் கண்டு சட்டென எரியும் விளக்கொன்றையும் பாதுகாப்புக்கென்று பொருத்தியிருந்தேன்; திடீர் வெளிச்சமே மயில்களை மிரட்டியதால் அதையும் கழற்றிவிட்டு, இரவு முழுவதும் ஒரே அளவில் எரியும் மங்கலான விளக்கைக் கொட்டிலுக்குள் வைத்தேன். எதையாவது கண்டு மிரண்டாலும், தாங்கள் எங்கே இறங்குகிறோம் என்பது பறவைகளுக்குத் தெரிய வேண்டும்.

டிசம்பரில் ஈரப்பனி விழுந்தது. இரண்டு அங்குலக் கண்ணில் பனி தங்காது என்று நம்பியிருந்தேன். உலர்பனி தங்காது என்பது சரி, ஆனால் ஈரப்பனி நூலில் ஒட்டி, ஒட்டிய பனியில் மேலும் பனி ஒட்டி, விடிவதற்குள் வலை நடுவில் தரை வரை தொய்ந்துவிட்டது. நல்ல வேளையாக அன்று எல்லாப் பறவைகளும் கொட்டிலுக்குள் இருந்தன. அடைப்பின் நடுக்கோட்டில், எட்டடிக்கு ஒன்றாகப் பத்தடி உயரத் தூண்களை நிறுத்தி, அவற்றின் உச்சியில் இழுவைக் கம்பி ஓட்டி, வலையைக் கூடாரம் போலச் சரிவாக்கினேன். தூண்களின் தலையில் பிளாஸ்ரிக் வாளிகளைக் கவிழ்த்திருப்பதால் வலை அறுபடுவதில்லை. பனி விழும் இரவுகளில், நீண்ட தும்புத்தடியால் உள்ளிருந்து வலையைத் தட்டிவிட இரண்டு தடவையாவது எழுந்து போகிறேன். இந்த வேலைக்கு மாற்று வழி எதையும் நான் இன்னும் காணவில்லை.

கொட்டில் பன்னிரண்டுக்குப் பத்தடி. மூன்று பக்கமும் பலகை, தெற்கு நோக்கிய பக்கத்தில் கதவும் ஒளி புகும் தகடும். வெப்பமூட்டி கிடையாது. காற்று நேரே அடிக்காமலும் ஈரம் தங்காமலும் இருந்தால், இங்கத்தைய குளிரை நீல மயில் தாங்குகிறது. கால்விரல்கள் மட்டுமே உறைபனியால் கெடும். அதனால் தங்குகட்டைக்கு உருண்டைக் கழியை விட்டு, இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டத்தின் அகன்ற முகத்தை மேலே வைத்தேன். பறவை அமரும்போது விரல்கள் நீட்டிய நிலையில் மார்பு இறகுகளுக்குள் மறைந்துவிடும். கட்டையின் உயரம் ஐந்தடி. பின்சுவரிலிருந்து மூன்றடி தள்ளி. அவ்வளவு இடைவெளி இல்லாவிட்டால் ஆணின் தோகை சுவரில் உரசி மடியும்.

தங்குகட்டை பற்றி இன்னும் ஒன்று உண்டு. அழகுக்காக முதலில் படிப்படியாக மூன்று உயரங்களில் கட்டியிருந்தேன். எல்லா மயிலும் உச்சிக் கட்டையையே விரும்பும் என்பதால், அந்தி சாயும்போதெல்லாம் அங்கே தள்ளுமுள்ளு நடந்தது. கீழே தள்ளப்பட்டது எப்போதும் அதே இளம் பெட்டைதான். எல்லாக் கட்டைகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பறவைக்கு மூன்றடி வீதம் நீளத்தைக் கூட்டியதும், அந்தச் சச்சரவு அதே கிழமையில் நின்றுவிட்டது. ஏறி இறங்குவதற்கு இடையில் ஒரு தாழ்ந்த படிக்கட்டை மட்டும் விட்டிருக்கிறேன். நான்கு, ஐந்து கிலோ எடையுள்ள பறவை ஒடுங்கிய இடத்தில் ஐந்தடி உயரத்திலிருந்து தொப்பென்று குதித்தால், கால் மூட்டு கெடும்.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய மே மாதத்துக்கு வருகிறேன். குளிர்காலம் முழுவதும் இரண்டு ஆண்களும் ஒரே சட்டியில் தீவனம் பொறுக்கின. ஒன்றை ஒன்று ஏறிட்டும் பார்க்கவில்லை. ஏப்ரலில் பெரியது அகவத் தொடங்கியது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு ஊர் நினைவு வந்து, விடியற்காலையில் போய் அடைப்பின் அருகில் நின்றுகொண்டிருப்பேன். அந்த நாட்களில் இளையது சுவர் ஓரமாகவே நடப்பதைப் பார்த்தும், அதன் பொருளை நான் உணரவில்லை. இளையதுக்கு அப்போது இரண்டு வயது. தோகை குட்டையாக, கண்கள் முழுமையடையாமல் இருந்தது. தோகை நிறையாத ஆணைப் பெரியது போட்டியாக எண்ணாது என்று நினைத்திருந்தேன். மே நடுவில் ஒரு நாள் வேலைக்குப் போய்த் திரும்பியபோது, இளையது கொட்டிலும் வலைச்சுவரும் கூடும் மூலையில், தலையை வலைக்குள் செருகியபடி கிடந்தது. முதுகு இறகுகள் பிடுங்கப்பட்டிருந்தன. கழுத்தின் பின்புறம் கிழிந்திருந்தது. வலது தொடையில் பெரியதின் காலிலுள்ள முள்நகம் ஆழமாக இறங்கியிருந்தது. பெரியது இரண்டடி தள்ளி, தோகையை விரித்தபடி நின்றது.

இளையது பிழைத்துக்கொண்டது. அதைத் தனியறையில் வைத்து ஆறு கிழமைகள் பார்த்துக்கொண்ட காலத்தில், அடைப்பை ஒரு துரத்தப்படும் பறவையின் கண்ணால் பார்க்க முயன்றேன். துரத்தப்படும் மயில் சுவர் ஓரமாகவே ஓடுகிறது. செங்கோண மூலையை அடைந்ததும், திரும்புவதற்குத் துரத்துவதன் வழியாகத்தான் வர வேண்டும். கொட்டிலுக்குப் பறவைகள் போய்வர ஒரே வாசல். உள்ளே புகுந்தால் அதுவும் பொறி, பெரியது வாசலில் நின்றால் போதும். அடைப்பு முழுவதும் வெட்டவெளி. எங்கே போனாலும் பெரியதின் பார்வையில்தான் நிற்க வேண்டும். தீவனச் சட்டியும் தண்ணீர்த் தொட்டியும் அருகருகே ஒரே இடத்தில். இவை அனைத்தும் நான் வசதி கருதிச் செய்தவை, என் வசதி கருதி.

நான்கு மூலைகளிலும், மூலையிலிருந்து நான்கடி தள்ளிக் குறுக்காகப் பலகைகளை நிறுத்திச் செங்கோணங்களை அடைத்தேன். ஓடிவரும் பறவை இப்போது தடையின்றித் திரும்பி ஓடிவிடும். கொட்டிலின் எதிர்ச்சுவரில் இரண்டாவது வாசல் வெட்டினேன். அடைப்பின் உள்ளே, ஐந்தடி உயர மறைப்புப் பலகைகள் மூன்றை, ஒன்றுக்கொன்று இணையாக அல்லாமல், இரு புறமும் வழி விட்டு நிறுத்தி, நத்தார் கழிந்து வீதியோரம் போடப்பட்ட மரங்களையும் அவற்றோடு சாய்த்துக் கட்டினேன். தீவனம் இரண்டு இடங்களில், தண்ணீர் இரண்டு இடங்களில், ஒன்றில் நிற்கும் பறவைக்கு மற்றது தெரியாதபடி. இதில் எதுவும் பெரிய செலவல்ல. ஆனால் பறவைகளின் நடத்தையை மாற்றியதில், நான் செய்த எல்லாவற்றிலும் இந்த மறைப்புகளுக்கே முதலிடம் கொடுப்பேன். விரட்டப்படும் பெட்டை ஒரு பலகையின் மறுபக்கம் போனதும், துரத்துவது நின்றுவிடுகிறது. கண்ணில் படாததை அது தேடிப் போவதில்லை. பாலை மரம் செய்த வேலையை அந்தப் பலகை செய்கிறது.

எனினும் இனப்பெருக்கக் காலத்தில் இரண்டு ஆண்களை ஒரே அடைப்பில் வைக்க இந்தத் திருத்தங்கள் போதும் என்று நான் கருதவில்லை. மிகப் பரந்த இடத்தில் அப்படி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்நூறு சதுர அடியில் அது கொடுமை. ஆகவே அந்தக் கோடையில் அதே அளவில் இரண்டாவது அடைப்பொன்றைப் பக்கத்தில் ஒட்டிக் கட்டினேன். இடைச்சுவரின் கீழ் நான்கடி முழுப் பலகை. அங்கே வெறும் கம்பி வலை இருந்தால், இரு ஆண்களும் வலையின் இரு புறமும் நின்று நாள் முழுவதும் மோதி, அலகையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். மேல் நான்கடி வலை; தங்குகட்டையில் இருக்கும்போது ஒன்றை ஒன்று பார்க்கலாம். இடைச்சுவரில் அகலமான ஒரு கதவு உண்டு. ஓகஸ்டில் தோகை உதிர்ந்ததும் ஆண்களின் சினமும் அதனோடு தணிந்துவிடுவதால், செப்டம்பரில் அந்தக் கதவைத் திறக்கிறேன்.

இரண்டாவது ஒக்டோபரில் வேறொரு பண்ணையிலிருந்து இளையதுக்காக இரண்டு பெட்டைகளை வாங்கினேன். முப்பது நாட்கள் பண்ணையின் மறுகோடியில் தனியாக வைத்து, எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுத்து, வைத்தியர் சொன்ன அளவில் புழுமருந்து கொடுத்தேன். பிறகு இரண்டாவது அடைப்பின் ஒரு மூலையைத் தற்காலிக வலையால் தடுத்து, அதற்குள் மூன்று கிழமைகள். மற்றப் பறவைகள் வலை அருகில் வந்து பார்ப்பதும் கொத்த முயல்வதுமாக முதல் கிழமை போனது. மூன்றாவது கிழமையில் யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அந்த அலட்சியமே தடுப்பை எடுக்கலாம் என்பதற்கான அடையாளம். ஒரு சனிக்கிழமை காலை, நாள் முழுவதும் வீட்டில் இருக்க முடியும் என்ற நாளாகப் பார்த்து, தடுப்பை எடுத்ததோடு மறைப்புப் பலகைகளையும் இடம் மாற்றி வைத்தேன். இடம் எல்லோருக்கும் புதிதாகிவிட்டால், பழைய பறவை தன் இடம் என்று உரிமை கொண்டாடுவது குறைகிறது. சிறு கொத்தல்கள் தவிர எதுவும் நடக்கவில்லை.

குஞ்சுகளை இன்னும் பெரியவற்றோடு விட்டதில்லை. அடைகாக்கும் இருபத்தெட்டு நாட்களும் பெட்டையைத் தொந்தரவு செய்யாமல், பொரித்ததும் தாயையும் குஞ்சுகளையும் சிறு கண் வலை அடித்த தனிக் கூட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.

இப்போது வளர்ந்த பறவைகள் ஏழு. இளையதுக்குத் தோகை நிறைந்துவிட்டது. பெரியதைவிட ஒரு சாண் குறைவாக இருக்கலாம். கழுத்தின் பின்புறத்தில் இறகு முளைக்காத ஒரு தழும்பு இருக்கிறது. பெப்ரவரி கடைசியில் பனி உருகத் தொடங்கியதும், ஏப்ரலின் முதல் அகவலுக்குக் காத்திராமல் இடைக்கதவைச் சாத்திப் பூட்டுகிறேன். இந்த ஆண்டு 26ஆம் தேதி சாத்தினேன்.